வெறுங்கையோடு வரத் தெரியாத ஊர்

குடிநோய் சிகிச்சைப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு நல்ல வார்த்தை பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நல்ல வார்த்தைக்கு வேறு ஆளைப் பாருங்கள், பயமுறுத்த வேண்டுமென்றால் வருகிறேன் என்றேன். சரி, அதையாவது செய்யுங்கள் சிஸ்டர் என்றார்கள். வந்துவிட்டேன்.

சங்கரன்கோவிலில் இதே மாதிரி ஒரு சின்ன மையத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருந்தும் ஊசியும் டிரிப்பும் உங்களுக்குப் படிப்பிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்தப் பக்கமே நான் போகப்போவதில்லை. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டுப் போன ஒருவர் திரும்பி வந்த கதையை மட்டும் சொல்கிறேன். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. உங்களுக்கும் கொஞ்சம் வேர்க்கட்டும். இந்த வேலையில் பயமே இல்லாத நர்ஸை நான் நம்ப மாட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாதியில் போகிறவர்களைக் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வரும்போது டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை ஆடும். சில நாள் மருந்து உள்ளே போனதும் நடுக்கம் நிற்கும், ரெண்டு இட்லி இறங்கும், தூக்கம் வரும். அவ்வளவுதான். “நான் நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இங்கன கெடக்கணும்?” என்று பையைத் தூக்கிவிடுவார்கள். குடியை விடுகிற வேலை இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்பதை நாம் தலைகீழாக நின்று சொன்னாலும் அவர்கள் காதில் ஏறாது.

நாயகமும் அப்படித்தான் போனார். கோமதிநாயகம் என்பது முழுப்பெயர். விசைத்தறித் தொழிலாளி. அவர் சொன்ன காரணத்தை எதிர்த்து எங்கள் பக்கத்தில் யாரும் வாயைத் திறக்க முடியாது. கரிவலம்வந்தநல்லூரில் தங்கச்சி மகள் பெரியவளானதற்குச் சடங்கு. தாய்மாமன் சீர் கொண்டு வராமல் பிள்ளையை மனையில் உட்காரவைப்பார்களா? “சீரை இறக்கி வச்சிட்டு ஓடி வந்துருதேன் சிஸ்டர்” என்றார். டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் என் பங்குக்குக் கத்திப் பார்த்தேன். அவர் மனைவி முப்பிடாதி தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் வரவில்லை என்று நாத்தனார் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாளே என்ற பயம் அவளுக்கு.

சரி, போகிற ஆளைக் கட்டியா போட முடியும்? வாசல் வரைக்கும் போய்ச் சொன்னேன். “நாயகம், எப்ப வேணும்னாலும் திரும்பி வாங்க. எந்த நிலைமையில இருந்தாலும் வாங்க. யாரும் எதுவும் கேக்க மாட்டோம். நீங்க வந்தாப் போதும்.”

அவர் ரெண்டு கையையும் கூப்பினார். “வாரேன் சிஸ்டர். கண்டிப்பா வாரேன்.”

சடங்கு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பந்தலுக்குப் பின்னால் பாட்டில் உருளாத விசேஷம் ஒன்று இருந்தால் எனக்கு விலாசம் கொடுங்கள், நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மாதங்கள் ஓடிவிட்டன. ஆள் வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்காரும் நேரத்தில் மையத்தின் போன் அடித்தது.

“சிஸ்டர், நான் முப்பிடாதி பேசுதேன். சடங்குக்குன்னு சொல்லிட்டுப் பாதியில வந்தாவள்லா, அவிய வீட்டுல.” குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “அவிய திரும்ப அங்கன சேரணும்னு சொல்லுதாவ. அவியளாவே நிறுத்திட்டாவ சிஸ்டர்! முந்தாநாள்லேருந்து ஒரு சொட்டு தொடல. நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் மனசுல பட்டிருக்கு.”

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த கவுன்சிலர் தம்பி எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் மலர்ந்தது. நான் போனைக் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

“அதுக்கு முன்னால எவ்வளவு குடிச்சிட்டிருந்தாரு?”

“அதை ஏன் கேக்கிய. காலைல பல்லு வெளக்குததுக்கு முன்னாலயே வேணும். சோறு கூட வேண்டாம், அது வேணும்.”

“சாப்பிட்டாரா? தூங்கினாரா?”

“தூக்கமில்ல சிஸ்டர். வேர்த்து வேர்த்து ஊத்துது. ஒடம்புல உள்ள கெட்ட தண்ணியெல்லாம் வெளிய போகுதுன்னு பக்கத்து வீட்டு மதினி சொன்னா. இப்பக் கட்டில்ல உக்காந்து நூலுக்கு முடிச்சுப் போட்டுட்டு இருக்காவ.”

“என்ன நூலு?”

பின்னணியில் தறிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

“நூலு ஒண்ணுமில்ல சிஸ்டர். சும்மா அந்தரத்துல கையை வச்சி முடிச்சுப் போடுதாவ. தூக்கக் கலக்கம்னு நெனைச்சேன். நானும் சிரிச்சேன், அவியளும் சிரிச்சாவ.”

பிள்ளைகளா, இதைக் கேட்டதும் என் கையில் இருந்த தட்டைக் கீழே வைக்க இடம் தெரியாமல் நின்றேன். வருஷக்கணக்காக, விடிந்ததிலிருந்து குடித்த உடம்பு அது. திடீரென்று நிறுத்தினால் அந்த உடம்பு சும்மா இருக்காது. முதலில் கை நடுங்கும். பிறகு வலிப்பு வரலாம். பிறகு புத்தி நழுவும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும், இருக்கிறது தெரியாமல் போகும். உடம்பு கொதிக்கும். அந்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு வெளியே கிடக்கிறவர் செத்தும் போவார். கொத்தனாராக இருந்தால் வெறும் காற்றில் செங்கல் அடுக்குவார். தறிக்காரர் அறுந்த நூலைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறார்.

“முப்பிடாதி, உடனே கூட்டிட்டு வா. இப்பமே.”

“இன்னைக்கு அஷ்டமியாச்சே சிஸ்டர். நாளைக்குக் காலைல குளிச்சி, அம்மன் சன்னதிக்குப் போயிட்டு நேரா அங்கன வந்துருதோம். நல்ல காரியத்துக்கு வாரோம்...”

“அஷ்டமியாவது நவமியாவது! நாளைக்குன்னா ஆளு இருக்க மாட்டாரு!” என்று போனிலேயே கத்திவிட்டேன். பாவம், அவள் அழ ஆரம்பித்தாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் சந்தோஷத்தில் இருந்தவரை என் பேச்சு அவளுக்கு எட்டவில்லை.

கவுன்சிலர் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. “குடிக்காம வாராரே சிஸ்டர், நல்ல மோட்டிவேஷன்லா? ஏன் திட்டுதீங்க?” என்றார். தங்கமான பிள்ளை. “தம்பி, உங்க மோட்டிவேஷனை அப்புறம் பாப்போம், வண்டியை எடுங்க” என்றேன். டாக்டர் அன்றைக்கு மேலநீலிதநல்லூரில் முகாமில் இருந்தார். போனில் பிடித்தேன். இங்கே கொண்டுவர வேண்டாம், நம்மால் சமாளிக்க முடியாது, நேரே அரசு ஆஸ்பத்திரி என்றார். நூற்றெட்டுக்குச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் வருவதற்குள் டவுன் எல்லையில் இருந்த அவர்கள் தெருவுக்குத் தம்பியின் பைக்கில் நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.

தெருமுனையிலேயே முப்பிடாதி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். “போனை வச்சிட்டுத் திரும்புதேன், ஆளக் காணும் சிஸ்டர்!”

அந்தச் சந்தில் பத்தடி நடந்தால் கிணறு. அந்தப் பக்கம் மெயின் ரோடு, பஸ் பறக்கும். இந்தப் பக்கம் வரிசையாகத் தறிக் கொட்டகைகள், செட் என்போம். எங்கே போய்த் தேட? அவர் எந்த உலகத்தில் இருக்கிறார் என்று யோசித்தேன். நூல் அறுந்துகொண்டே இருக்கிற உலகம். “அவரு வேலை செய்யுத செட் எது?” என்றேன்.

உள்ளே நுழைந்தால் காதைப் பிளக்கும் சத்தம். நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒரு தறி ஓடினாலே பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அங்கே எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசித் தறியில் சட்டையில்லாமல், வேட்டி அவிழ்கிற நிலையில் நாயகம் குனிந்து நின்றார். ஓடுகிற தறிக்குள் கையை நீட்டி நீட்டி எடுத்தார். நூலைச் சுமந்துகொண்டு அங்குமிங்கும் பாய்கிற நாடா அவர் விரலை மயிரிழையில் தாண்டிப் போனது. பின்னால் இரண்டு பேர் அவரைப் பிடிக்க எட்டு வைத்தார்கள். தொட்டால் திமிறுவார், திமிறினால் கை உள்ளே போகும். நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ரெண்டு கையையும் விரித்து அவர்களை மறித்துக்கொண்டு, சுவரோரம் நின்ற முதலாளியைப் பார்த்து மெயினை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினேன்.

எல்லாத் தறியும் நின்றது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டிருப்பேன். அந்த அமைதி அதைவிட மோசம் என்று உடனே தெரிந்தது. அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அந்தக் கண்ணில் நாங்கள் யாருமே இல்லை.

“ஏலே, எவம்லே கரண்டை நிறுத்துனது? அம்புட்டும் அறுந்து போச்சே!” என்று ஓலமிட்டார். தறிமேல் கிடந்த நூல் வெட்டுகிற கத்தரியை வலது கையில் எடுத்தார். இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன. அங்கே ஒன்றும் இல்லை.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பேய் பிடித்திருக்கிறது என்றார் ஒருவர். கயிறு கொண்டு வாங்கலே என்றார் இன்னொருவர். அவரோடு வேலை செய்கிற ஒருவர், நல்ல மனசோடுதான், பாட்டிலோடு வந்து நின்றார். “ஒரு கட்டிங் உள்ள போனா அடங்கிரும் சிஸ்டர், நான் பாத்திருக்கேன்.” புத்தி தெளிவில்லாதவர் வாயில் எதை ஊற்றினாலும் புரை ஏறும், வலிப்பும் சேர்ந்தால் அங்கேயே முடிந்தது. “அதை மூடி மடியில வையும்” என்றேன். கயிற்றையும் வெளியே போடச் சொன்னேன். கத்தரி வைத்திருக்கிற ஒருவரைப் பலபேர் சேர்ந்து அமுக்கினால் யாருக்காவது குத்து விழும், அனேகமாக அவருக்கே. எல்லாரையும் வெளியே போகச் சொல்லி, கதவை விரியத் திறந்து வைத்தேன். மூலையில் மாட்டிக்கொண்டோம் என்று அவருக்குத் தோன்றவே கூடாது. ஜன்னலையும் திறந்தேன். வெளிச்சம் குறைந்தால் இல்லாதது இன்னும் நன்றாகத் தெரியும்.

இதையெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்கிறேனே, அப்போது ஒன்றும் வரிசையாக இல்லை. ஓடிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், மறைக்க மாட்டேன்.

“நாயகம், நான் சிஸ்டர். முப்பிடாதியும் இங்கனதான் நிக்கா” என்று மெதுவாகச் சொல்லி ஓர் அடி வைத்தேன்.

“வராதிய! கீழ பாருங்க, மிதிச்சிராதிய!” என்று கதறினார். அவருக்குத் தரையெல்லாம் நூல். தூக்கிய காலை அப்படியே நிறுத்தினேன். “இதை விட்டா அம்புட்டும் உருவிட்டுப் போயிரும்” என்று இடது கையை உயர்த்திக் காட்டினார். கை நடுங்கியது. ஆனால் அந்த ரெண்டு விரலும் பிரியவில்லை.

அங்கே நூல் இல்லை நாயகம் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. படிப்பு அப்படி. நான் வாயைத் திறப்பதற்குள் முப்பிடாதி என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நேராகப் போகவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தரையில் நூல் கிடக்கிற மாதிரியே காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தாள். அவர் பக்கத்தில் போய்க் கையை நீட்டினாள்.

“இங்க தாங்க. நான் பிடிச்சிக்கிடுதேன். நீங்க கத்தரியை வச்சிட்டு வாங்க.”

அவர் அவளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அந்த ஒன்றுமில்லாததை அவள் விரலுக்கு மாற்றிவிட்டார். “இறுக்கிப் பிடி ஏட்டி. விட்டுராத.”

“பிடிச்சிருக்கேன்.”

கத்தரி தறிமேல் விழுந்தது. அந்த நேரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான். நோயாளி காண்பதற்கெல்லாம் ஆமாம் போடுங்கள் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். அதை நம்மில் யார் செய்திருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். அவருக்காக வருஷக்கணக்கில் நாடாவுக்குள் வைக்கிற நூலைத் தார் சுற்றிக் கொடுத்த கை அது, அதனால் கொடுத்தார். நம் கையால் ஆகாத இடத்தில் யார் கையால் ஆகும் என்று பார்த்து விலகி நிற்கவும் தெரிய வேண்டும்.

ஆம்புலன்ஸில் ஏற்றினோம். அவர் ஒரு பக்கம் படுத்திருக்க, முப்பிடாதி பக்கத்தில் உட்கார்ந்து அந்த ரெண்டு விரலையும் அவர் கண்ணில் படும்படி தூக்கிப் பிடித்தபடியே வந்தாள். ஒருமுறை வண்டி குலுங்கியதில் கம்பியைப் பிடிக்கக் கையை இறக்கினாள். அவர் அலறி எழுந்துவிட்டார். அதன்பிறகு எந்தக் குலுக்கலுக்கும் அவள் கையை இறக்கவில்லை. கோவில் தெருவைத் தாண்டும்போது அவருக்கு வலிப்பு வந்தது. உடம்பு வில்லாக வளைந்து, கண் சொருகி, வாயோரம் நுரை. வண்டியில் இருந்த உதவியாளர் பையனும் நானும் செய்ய வேண்டியதைச் செய்தோம். முடிந்தபோது அவருக்கு நினைவே இல்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. இனி எதையும் பார்க்கிற நிலையில் அவர் இல்லை.

“கையை இறக்கும்மா, வலிக்கப்போகுது” என்றேன்.

“முழிச்சா தேடுவாவ சிஸ்டர்” என்றாள்.

என்னால் அதற்குமேல் அவளைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கர்த்தரே, இவள் முகத்துக்காகவாவது என்று வேண்டிக்கொண்டே போனேன்.

அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்த டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. விடியட்டும் பார்ப்போம் என்றார். விடிந்தது. அடுத்த நாளும் விடிந்தது. நான் ட்யூட்டி முடிந்ததும் போய் வராந்தாவில் முப்பிடாதியோடு உட்கார்ந்திருப்பேன். கதவு திறக்கும்போதெல்லாம் இருவருக்கும் உயிர் போய் உயிர் வரும். ஒரு நாள் மத்தியானம் கதவைத் திறந்து நர்ஸ் சொன்னாள், “காப்பி கேக்காரு.” முப்பிடாதி என் மடியில் விழுந்து அழுத அழுகையை அந்த வராந்தா முழுக்கப் பார்த்தது.

தேறியதும் எங்கள் மையத்துக்குக் கொண்டுவந்தோம். அவர் நன்றாக உட்கார்ந்து பேசுகிற அளவுக்கு ஆனபிறகு கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன். “எந்த நிலைமையில இருந்தாலும் வாங்கன்னு வாசல்ல நின்னு சொன்னேனா இல்லையா? குடிச்சிட்டே வந்திருக்கலாம்லா?”

“சொன்னீங்க சிஸ்டர். நாங்களும் பத்திரிகை வைக்கும்போது ஒண்ணும் கொண்டு வர வேண்டாம், நீங்க வந்தாப் போதும்னுதானே சொல்லுவோம். அதுக்காக வெறுங்கையோட போவோமா? பாதியில ஓடுனவன் திரும்பி வந்து நிக்கணும்னா கையில ஏதாவது இருக்கணும்லா. எங்கிட்ட என்ன இருக்கு கொண்டு வர? நாறுத வாயை உங்க முன்னால கொண்டு வந்து நீட்டவா? குடிக்காம வந்து நின்னா, அதுதான் நான் உங்களுக்குக் கொண்டு வந்த சீருன்னு நெனைச்சேன்.”

நான் உயிரைக் காக்கச் சொன்ன வார்த்தையை அவர் விருந்தாளிக்குச் சொல்லுகிற உபசாரமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மரியாதை தெரிந்த மனிதர். அந்த மரியாதைதான் அவரைக் குழி வரைக்கும் கொண்டுபோனது.

அதனால்தான் சொல்கிறேன், பாதியில் போகிறவரிடம் வாசலில் நின்று பதவிசாகப் பேசாதீர்கள். எங்கள் ஆட்களுக்குப் பதவிசாகச் சொன்னால் அது உபசாரம். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, மனைவியையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, பச்சையாகச் சொல்லுங்கள். மறுபடியும் தினம் குடிக்கிற நிலைக்கு வந்துவிட்டால் வீட்டில் வைத்து நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் வலிப்பு வரும், செத்துப்போவீர்கள், குடித்த வாயோடு இங்கே வாருங்கள், நிறுத்துவது எங்கள் வேலை. கேட்கிறவர் முகம் சுளிக்கட்டும். நாயகம் ரெண்டாம் முறை, இந்தத் தடவை முழுசாக இருந்துவிட்டு, வீட்டுக்குப் போகிற அன்றைக்கு அவரிடம் நான் அப்படித்தான் சொன்னேன். கொஞ்சம் கெட்ட வார்த்தையும் சேர்த்தே சொன்னேன்.

முழுசாக இருந்தவர் அதன்பிறகு குடிக்கவே இல்லை என்று சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். இந்த நோய் அப்படி இல்லை. நல்லாத்தான் இருந்தார், அடுத்த ஆடித்தபசுத் திருவிழாவையும் தாண்டினார். பிறகு தங்கச்சி மாப்பிள்ளை தவறிப்போனார், துஷ்டி வீட்டில் கை பாட்டிலுக்குப் போய்விட்டது. எனக்குச் செய்தி வந்தது. போன் அடித்தால் போதும், அந்தரத்தில் முடிச்சுப் போடுகிற அந்த விரல்கள் என் கண்ணில் வந்து நிற்கும். முப்பிடாதி குரலில் சந்தோஷம் கேட்டுவிடக்கூடாதே என்று பயந்துகொண்டே எடுப்பேன்.

ஒரு நாள் காலையில் கேட்டருகே வாட்ச்மேன் யாரையோ சத்தம்போட்டு விரட்டிக்கொண்டிருந்தார். எட்டிப்பார்த்தேன். நாயகம். வேட்டியெல்லாம் மண். நாலடி தள்ளி நின்ற எனக்கே நாற்றம் அடித்தது. முப்பிடாதி அவர் தோளைத் தாங்கிக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று தலையைக் குனிந்து நின்றாள்.

என்னைக் கண்டதும் அவர் நிமிர்ந்து நிற்கப் பார்த்தார். முடியவில்லை. “சிஸ்டர், மன்னிச்சிருங்க. குடிச்சிருக்கேன்.”

“கடைசியா எப்ப குடிச்சீங்க?”

“இப்பத்தான். பஸ் ஸ்டாண்டுல எறங்கி.”

வாட்ச்மேனைத் தள்ளிவிட்டு நானே கேட்டைத் திறந்தேன். என் சர்வீஸில் ஒரு குடிகாரரைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.